சவரிமுத்துவின் இரண்டு முட்டிகள்

என் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன என்று போன மாதம் ஒரு டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, நடுவுல குருத்தெலும்பே இல்ல" என்றார். பார்த்தேன். இல்லைதான். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தால் முட்டி தேயும் என்று, வாழ்நாளெல்லாம் நர்சாக நின்றவளிடம் பொறுமையாக விளக்கினார். நன்றி சொன்னேன்.

பிறகு வழிகளை எடுத்துப் போட்டார். ஊசி போடலாம். முட்டியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் விளக்கையும் மற்றதில் கத்தியையும் விட்டு உள்ளே சுத்தம் செய்யலாம். எலும்பைக் கொஞ்சம் சீவிக் காலை நேராக்கலாம். பட்டணத்துக்குப் போகத் தயார் என்றால் உலோகத்தில் புது முட்டியே வைத்துவிடுவார்களாம். "உங்களுக்கு எது சரிப்படும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். ஜவுளிக்கடையில்கூட என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

பக்கத்தில் நின்ற சின்ன வயது நர்ஸ் இருவருக்கும் என் வேலை தெரிந்ததும் ஆர்வம் வந்துவிட்டது. "அந்தக் காலத்துல முட்டிக்கு என்னதான் பண்ணுவீங்க சிஸ்டர்? எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க. சேவை, தியாகம் எல்லாம் வர்ற மாதிரி" என்றார்கள். தியாகம் என்னிடம் கைவசம் இல்லை. முட்டி இருக்கிறது. அதை எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருச்சியில் மூன்று வருடம். படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், டாக்டர் உள்ளே நுழைந்தால் விறைப்பாக நிற்கவும், அவர் எது சொன்னாலும் "எஸ் சார்" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் இரண்டிலும் நான் சுமார். மூன்றாவதற்கு மெடல் கொடுத்திருந்தால் எனக்குத்தான் கிடைத்திருக்கும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்களில் வேலைக்குச் சேர்ந்தேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கட்டடமும் இப்போது இல்லை, அதை நடத்தியவர்களும் இல்லை. பதினாறு கட்டில், ஒரு கம்பவுண்டர், நான், ஒரு டாக்டர். அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்லவேண்டும். சின்ன டாக்டர் என்று அங்கே எப்போதும் யாரும் இருந்ததில்லை.

முட்டி அடிபட்டவன் நேராக எங்களிடம் வரமாட்டான். முதலில் எலும்பு கட்டுகிறவரிடம் போவான். அவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுவார். பத்துப் பேரில் ஏழு பேர் எழுந்து நடந்துவிடுவார்கள். மிச்சம் மூன்று பேர் எங்களிடம் வருவார்கள். அந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு, நாட்டு வைத்தியம் எவ்வளவு மோசம் என்று பெரிய டாக்டர் ஒரு முழுப் பிரசங்கம் செய்வார்.

எங்கள் வைத்தியம் அப்படியொன்றும் பெரிய ரகசியமில்லை. முட்டியில் நீர் கட்டியிருந்தால் ஊசியால் உறிஞ்சுவோம். எலும்பு விரிசல் விட்டிருந்தால் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். முட்டிச் சில்லு தூள்தூளாகியிருந்தால் அதை எடுத்தே எறிந்துவிடுவது அப்போதைய நாகரிகம். குருத்தெலும்பு ஜவ்வு கிழிந்து உள்ளே சிக்கிக்கொண்டால் முட்டியைத் திறந்து அந்தத் துண்டை வெட்டி எடுப்போம். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் எல்லோருக்கும் பயம். முட்டிக்குள் சீழ் பிடித்தால் கால் போய்விடும், சில சமயம் ஆளும் போய்விடுவான். பெனிசிலின் என்கிற பெயரைப் பத்திரிகையில்தான் படித்திருந்தோம்.

மாவுக்கட்டுத் துணியை நாங்களே தயாரிக்கவேண்டும். கஞ்சி போக அலசிய வலைத்துணியை மேஜையில் விரித்து, பாரிஸ் சாந்துப் பொடியைத் தூவி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சுருட்டி, பிஸ்கட் டின்னில் அடைத்து வைப்போம். ஈரக் காற்றுப் பட்டால் டின்னுக்குள்ளேயே இறுகிவிடும். அந்தப் பொடி எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டும், சண்டையால் வரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதைச் செய்கிற கல் எங்கள் பக்கத்துக் காட்டிலேயே மண்ணுக்கடியில் கிடக்கிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதன் மேல்தான் தினமும் நடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்படிப் பாடுபட்டுப் போட்ட கட்டைக் குன்னத்து வெங்காயக்காரர் ஒருவர் பன்னிரண்டாம் நாள் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். வெங்காயம் அறுவடைக்கு வந்துவிட்டதாம். அரிவாளால் நெடுக்கக் கீறிக் கழற்றி, உடையாமல் சாக்கில் போட்டு, மாட்டுவண்டியில் ஏற்றி வந்திருந்தார். "ஆஸ்பத்திரிச் சாமானை வூட்ல வெச்சிக்கக் கூடாது பாருங்க. ஒரு சேதாரமும் இல்ல, வேற யாருக்காச்சும் போடுங்க" என்றார். பெரிய டாக்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பெரிய டாக்டருக்குக் கை நல்ல கை. அதை நான் மறைக்கமாட்டேன். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை முழுக்க மடக்கி, குதிகாலைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பிக்கொண்டே மெதுவாக நீட்டுவார். உள்ளே 'டிக்' என்று தட்டினால் ஜவ்வு கிழிந்திருக்கிறது. பிறகு தையல்காரர் வைத்திருப்பாரே, அந்த அளவு நாடாவை எடுத்து, முட்டிக்கு மேலே ஒரு சாண் தள்ளி இரண்டு தொடைகளையும் அளப்பார். நோய்ப்பட்ட காலின் தொடை சூம்பியிருக்கும். நோயாளி பொய் சொல்லலாம், தொடை சொல்லாது என்பது அவர் கொள்கை. அதனால் நோயாளியிடம் அவர் எதுவும் கேட்பதே இல்லை. முகத்தையும் பார்ப்பதில்லை.

ஆபரேஷன் அறையில் அவர் வைத்த சட்டம் ஒன்று. அவரைத் தவிர வேறு யாரும் பேசக்கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம், அதுவும் மூன்று வார்த்தைக்குள். ஒருமுறை கம்பவுண்டர் தும்மியதற்கு விளக்கம் எழுதி வாங்கினார். அந்த அமைதியில் பெரிய ஒழுங்கு இருக்கிறதென்று நானும் அப்போது நம்பினேன்.

சவரிமுத்து எங்களிடம் வந்தது அப்படிப்பட்ட நாளில்தான். வரதராஜன்பேட்டைக்காரன், கிணறு வெட்டுகிறவன், இருபத்தைந்து வயது. அப்பா இல்லை, அம்மா மட்டும். விக்கிரமங்கலத்துப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் கல் புரண்டு வலது முட்டி திருகிக்கொண்டது. வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டதென்று விட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முழந்தாள்படியிட்டவன் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், பூசை முடிந்து வெளியேயும் போனார்கள். இவன் கண்ணீர் வழிய அப்படியே இருந்தான். ஊர் அசந்துபோய்விட்டது. இப்படி ஒரு பக்தியைக் கண்டதில்லை என்று நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்களாம். முட்டி பூட்டிக்கொண்டது என்று அவன் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கால் பாதிக்கு மேல் நீளவில்லை.

பெரிய டாக்டர் மடக்கினார், திருப்பினார், அளந்தார். "வெட்டணும்" என்றார். நோயாளியிடம் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் என்னிடம் கேட்டான்: "நர்சம்மா, மறுபடி கெணத்துல எறங்கி ஏற முடியுங்களா? ஒரு காலு போனாலும் நான் என்னா வேலைக்கிப் போவேன்?" கயிற்றைப் பிடித்து, பாறைப் பொந்தில் கால் வைத்து நாற்பது அடி இறங்கி ஏறுகிற பிழைப்பு. நொண்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. "நல்லாயிடும்" என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை முட்டியைத் தயார் செய்யவேண்டும். தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்கால் வரை முடி சிரைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈதரால் துடைத்து, ஐயோடின் பூசி, கொதித்த துணியால் சுற்றிக் கட்டுவது முறை. வழக்கமாக ஆஸ்பத்திரி நாவிதர் சிரைப்பார். அன்று அவர் கல்யாண வேலைக்குப் போய்விட்டார். நானே சிரைத்தேன். கரடி மாதிரி முடி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கட்டி முடித்ததும் அவன் அம்மாவிடம், "இந்தக் கட்டைத் தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. காரணம் சொல்லுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது.

மறுநாள் காலை அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மார்பியா ஊசியில் பாதி மயக்கம். கம்பவுண்டர் மூக்கின் மேல் வலைமூடியை வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முட்டி ஆபரேஷனுக்கு மேஜையின் கால்பக்கத்தை இறக்கிவிட்டு, இரண்டு கால்களையும் முட்டியில் மடித்துத் தொங்கவிடுவது வழக்கம். அதனால் எந்தக் கால் நீளும், எது நீளாது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கட்டு இருப்பதுதான் நோய்க்கால் என்ற நினைப்பில், மற்றக் காலைப் பார்க்காமலே துணி போட்டு மூடினோம். கட்டுப் போட்ட காலை அவிழ்த்தேன்.

உள்ளே முடி இருந்தது.

அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று நான் முக்கால் மணி நேரம் சிரைத்த முட்டியில் ஒரு முடி கிடையாது. ஐயோடின் மஞ்சளும் தோலில் இல்லை. இது வேறு முட்டி. நல்ல முட்டி.

பெரிய டாக்டரும் பார்த்தார். "நர்ஸ், என்ன இது?"

"முடி, சார்."

"முடின்னு எனக்குத் தெரியாதா? நேத்து சிரைக்கலையா?"

"சிரைச்சேன், சார்."

"சிரைச்ச லட்சணமா இது? ஒரே ராத்திரியில வளந்துடுச்சா? ரேஸரை எடு."

ஒரே இரவில் ஒரு விரல் நீளத்துக்கு முடி வளரும் என்பதை நம்ப அவர் தயாராக இருந்தார். முட்டி மாறியிருக்கும் என்று நினைக்கத்தான் தயாராக இல்லை. கேஸ் தாளில் வலதா இடதா என்று அவரே ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தார். அது எழுத்தா, கொசு அடித்த தடமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

"எஸ் சார்" என்றேன். ரேஸரை எடுத்தேன். சிரைத்தேன். கழுவினேன். ஐயோடின் பூசினேன். தொடையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினேன். சுற்றிலும் துணி விரித்தேன். எல்லாம் முறைப்படி, ஒன்றுகூட விடாமல். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அவர் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "கத்தி."

கத்தி என் கையில் இருந்தது. கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. கை போகவில்லை. இதைத் தைரியம் என்று யாராவது மலரில் திருத்தி எழுதினால் நான் பொறுப்பில்லை. அவன் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கால் போனாலே பிழைப்பில்லை என்றான். இதை வெட்டினால் இரண்டு காலும் போகும்.

"கத்தி!"

"சார், இது அந்த முட்டி இல்ல சார்."

மூன்று வார்த்தைக்கு மேல் போய்விட்டது. "யார் சொன்னது?" என்றார்.

"நான்தான் சார் சொல்றேன்."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு மறைத்திருந்த துணியைத் தானே இழுத்தார். வலது முட்டி மழமழவென்று இருந்தது. ஐயோடின் இல்லை. அதற்குப் பதிலாக எண்ணெய் வழிந்து பளபளத்தது. "நாடா" என்றார். அளந்தார். வலது தொடை இரண்டு விரல்கடை குறைவு. மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்தார். தொடை பொய் சொல்லவில்லை.

அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வாசல்படியில் நின்றபடியே ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "விடிஞ்சதும் கோயில் வெளக்கு எண்ண வந்திச்சிங்க. மாதா எண்ணைய அந்தக் கால்ல தடவணும். ஆனா டாக்டரு மருந்து ஏற்கனவே இருக்குதே. ரெண்டு மருந்து ஒரே எடத்துல சேந்தா ஒண்ண ஒண்ணு முறிச்சிப்புடாதுங்களா? அதான் மஞ்ச மருந்த நல்லா தேச்சிக் கழுவிட்டு எண்ண தடவுனேன். டாக்டரு கட்ட வீணாக்கக் கூடாதுன்னு இந்தக் கால்ல கட்டிவுட்டேன். மருந்து ஒடம்புலதான சாரப்போவுது, எந்தக் கால்ல கட்டுனா என்னாங்க?"

"நீ கட்டைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனேம்மா" என்றேன்.

"கட்டுக்கு ஒண்ணும் ஆவலியே தாயி. அப்படியே உருவித்தான மாத்துனேன்."

மருந்து மருந்தை முறிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? என் அம்மாவே சொல்வாள். நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

எண்ணெய் தடவிய முட்டியைத் திறப்பது கொலை. அன்று ஆபரேஷன் இல்லை. ஆனால் பெரிய டாக்டருக்கு வந்த கோபத்தை எங்காவது காட்டவேண்டுமே. வலது காலைப் பிடித்து முழுக்க மடக்கினார், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினார், ஒரே இழுப்பாக நீட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். ஈதரில் தசையெல்லாம் தளர்ந்திருந்ததால், சிக்கிய ஜவ்வு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கால் நேராக நீண்டது. இதுவும் புத்தகத்தில் உள்ள முறைதான். வெட்டுவதற்கு முன்னால் செய்து பார்க்கவேண்டிய முறை. அன்றைக்குத்தான் அவருக்கு நினைவு வந்தது.

தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டோம். கேஸ் தாளில் 'கத்தியின்றிக் குணம்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதை மட்டும் எல்லோருக்கும் புரிகிற எழுத்தில் எழுதினார். ஊரில் மாதா எண்ணெய்க்குப் பெயர் வந்தது. கட்டை மறு காலில் மாற்றிக் கட்டியதுதான் சூட்சுமம் என்று அவன் அம்மாவுக்குப் பெயர் வந்தது. அடுத்த மாதம் இரண்டு பேர் வந்து, நோவு இந்தக் காலில், கட்டு அந்தக் காலில் போடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு மெமோ வந்தது. அறுவை அறையில் கேட்காமல் பேசியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இனி அவ்வாறு நேராது என்று மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்துச் சவரிமுத்துவின் கட்டை வெட்டி எடுத்தோம். மூன்று வாரம் தொடைக்குப் பயிற்சி கொடுத்தேன். கடைசி நாள் வராந்தாவில் குந்தி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினான். மறுபடியும் செய்தான். அவன் அம்மா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

அம்மா வண்டி பார்க்கப் போன நேரத்தில் என் பக்கத்தில் வந்தான்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? அன்னிக்கி முழிச்சிப் பாத்தப்ப இந்த எடது முட்டியும் மழமழன்னு இருந்திச்சு. மஞ்ச மருந்து வேற. இதையா வெட்ட இருந்தாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

"நீங்கதான் தடுத்தீங்கன்னு கம்பவுண்டரு சொன்னாரு." இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் யாரும் என்னைக் கும்பிட்டதில்லை. அதோடு அவன் போயிருந்தால் இந்தக் கதையை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றான், கும்பிட்ட கையோடு.

"முடிய வெச்சுத்தான். மொத நாளு நான் சிரைச்ச காலுல மறுநாளு எப்படி முடி இருக்கும்? கட்டைப் பிரிச்சதுமே தெரிஞ்சு போச்சு."

அவன் குரலில் கோபமே இல்லை. கணக்குச் சரியாக வரவில்லை என்பது போலத்தான் கேட்டான்.

"பிரிச்சதுமே தெரிஞ்சிடிச்சின்னா, அப்பறம் ஏன் நர்சம்மா அந்தக் கால சிரைச்சீங்க?"

"டாக்டர் சிரைக்கச் சொன்னாரு" என்றேன்.

நாற்பது வருடம் கழித்தும் என் பதில் அதேதான். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவன் சரி என்று தலையை ஆட்டினான். கும்பிட்ட கையை இறக்கினான். அம்மா வண்டியிலிருந்து கூப்பிட்டாள். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, படியிறங்கிப் போனான்.